முன் வண்டியில் ஒரு ரேடியோ

பூபதி, என் சாமி,

நாளைக் காலையில் நீ வடக்கே கிளம்புகிறாய். உன் துணிப்பையில் மேலாக, துண்டுக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். வண்டியில் போடுவதற்கு முன்னால் பையை ஒருமுறை திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது உன் பழக்கம். அதனால் நீ கிளம்பும் முன்பே இது உன் கையில் கிடைத்துவிடும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போன வாரம் நீ உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு, வாசலில் நாற்காலி போட்டிருந்த செல்வம் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினாய். மாமா போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஊட்டுக்குள்ள இருந்தே எனக்கு மனு வந்திருக்குதுங்க" என்று என்னிடம் நீட்டினார். எத்தனையோ வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவள் நான். முழுக்கப் படிக்காமல் மதிப்பெண் போட எனக்கு வராது. படித்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

நீ எழுதியிருந்தது இதுதான். மாமாவின் இரண்டு போர்வெல் வண்டிகளிலும் புதிதாக மாட்டியிருக்கும், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவைக் கழற்றிவிட வேண்டும். இந்தக் காலத்து லாரி டிரைவருக்கு அது தேவையில்லை. வழி காட்ட மேப் இருக்கிறது. எங்கே நெரிசல், எங்கே பாலம் வேலை நடக்கிறது என்பதை அதுவே சொல்கிறது. பின் வண்டி எங்கே வருகிறது என்பது திரையில் புள்ளியாக நகர்கிறது. டிரைவர்களுக்கென்று வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, எந்த டோல்கேட்டில் கூட்டம், எந்த டாபாவில் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது வரை அதில் வந்துவிடுகிறது. வெளிநாட்டில் ஒரு காலத்தில் லாரிக்கு லாரி ரேடியோவில் பேசிக்கொண்டு போனவர்களே இப்போது பாதிப் பேர் போனுக்கு மாறிவிட்டார்கள். பின்னே நமக்கு மட்டும் எதற்கு? அழகாக எழுதியிருந்தாய். எழுத்தில் உனக்கு ஒருநாளும் திக்கியதில்லை.

உன் காரணங்களில் பெரும்பாலானவை சரி. நானே ஒருவரிடம் விசாரித்தும் பார்த்தேன். நாமக்கல்லில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் முட்டை லாரி டிரைவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேரளாவுக்குப் போகிறவர். லாரியில் பேசுகிற ரேடியோ வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெச்சுக்கிட்டு யாரோட பேசறதுங்க?" என்றார். அவர் கேட்டதுதான் இந்த விஷயத்தில் முதல் கேள்வி. ரேடியோ என்பது ஒருவர் கையில் மட்டும் இருந்தால் வெறும் பெட்டி. எதிரே வருகிறவரிடமும் பின்னால் வருகிறவரிடமும் இருந்தால்தான் அது பேச்சு. நம் ஊர் ரோட்டில் அப்படி யாரிடமும் இல்லை. ஹாரனும் லைட்டும் கையசைப்பும் வைத்தே காலம் ஓடிவிட்டது, மிச்சத்தைப் போன் பார்த்துக்கொள்கிறது. தனியாகப் போகிற லாரிக்கு ரேடியோ வேண்டியதில்லை என்று நீ எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஆனால் நீ தனியாகப் போகிறவன் இல்லையே சாமி. நம் திருச்செங்கோட்டு வண்டிகள் ஜோடியாகத்தான் ஊரைவிட்டுப் போகின்றன. பூமியைத் துளைக்கிற ரிக் வண்டி பின்னால் வரும், துளைக்கும் ராடுகளையும் சமையல் பாத்திரத்தையும் ஆட்களின் படுக்கையையும் சுமந்துகொண்டு சப்போர்ட் லாரி முன்னால் போகும். முன்னால் போவது உன் வண்டி. ரிக் வண்டியின் மாஸ்ட்டை, அந்த இரும்புக் கோபுரத்தை, படுக்கவைத்துக் கட்டினாலும் அது மற்ற லாரிகளை விட உயரம். அதன் மேல் ஒருவர் காய்ந்த மூங்கில் கம்போடு உட்கார்ந்து, தாழ்வாகத் தொங்கும் ஒயரைத் தூக்கிவிட்டுக்கொண்டே வருவதைச் சின்ன வயதில் நீ வாயைப் பிளந்து பார்ப்பாய். முன்னால் போகிறவனுடைய கண்தான் பின்னால் வருகிறவனுக்கும் கண். மேப்புக்குப் பாலம் தெரியும், டோல்கேட் தெரியும். நேற்றுக் காற்றில் தொய்ந்துபோன கம்பி தெரியாது. ரோட்டில் பாதியை அடைத்து யாரோ காயப்போட்ட சோளம் தெரியாது. ஊர்க்காரர்கள் கூடிப் புதிதாகப் போட்ட வேகத்தடை தெரியாது. போனில் சொல்லலாம் என்கிறாய். ரிக் வண்டியை ஓட்டி வரும் முருகேசண்ணன் போன் பாதி நேரம் அவர் மகளோடு பேச்சில் இருக்கும், மீதி நேரம் சீட்டுக்கு அடியில் கிடக்கும். அவரைத் தேடி எடுக்கச் சொல்லி, காதில் வைத்து, என்ன என்று கேட்டு முடிப்பதற்குள் வண்டி எங்கே போய் நிற்கும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

கெங்கவல்லிக்குப் பக்கத்தில் நடந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை. முருகேசண்ணன்தான் சொன்னார். மறுநாள் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன், குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். ஒரு தோட்டத்தில் போர் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், பொழுது சாயும் நேரம், கிராமத்து ரோட்டின் குறுக்கே கரண்ட் கம்பி ஒன்று தாழ்ந்து தொங்கியிருக்கிறது. உன் லாரி அடியில் நுழைந்து போய்விட்டது. மேலே கம்பு வைத்திருப்பவர் அப்போது ஏறியிருக்கவில்லை. நீ ரேடியோ மைக்கைக் கையில் எடுத்திருக்கிறாய். முருகேசண்ணன் பக்கம் கரகரவென்று சத்தம் மட்டும் வந்திருக்கிறது, பேச்சு வரவில்லை. வழக்கமாக நீ ரேடியோவில் பேசுவதில்லை என்பதால் ஏதோ கை தவறிப் பட்டுவிட்டது என்று அவர் விட்டுவிட்டார். அடுத்த நொடி நீ லாரியை ஓரங்கட்டி, குதித்து இறங்கி, துண்டை வீசிக்கொண்டு அவர் வண்டிக்கு நேராக ரோட்டின் நடுவில் ஓடி வந்திருக்கிறாய்.

"டீச்சரம்மா, எனக்குக் கம்பி தெரியவே இல்லீங்க" என்றார் அவர். "பையன் குறுக்க ஓடியாரதுதான் தெரிஞ்சுது. பிரேக்கு புடிச்சதுல மேல கட்டியிருந்த சாமானமெல்லாம் சரிஞ்சு போச்சுங்க. கொஞ்சம் பிந்தியிருந்தா அவன் மேலயே உட்டிருப்பனுங்க."

அவர் போன பிறகு நான் அந்தக் காப்பியை எடுத்து ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். கம்பியில் மாஸ்ட் உரசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பயந்ததை விட, இன்னொன்றை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். என் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்வதை விட, ஓடுகிற ரிக் வண்டிக்கு முன்னால் போய் நிற்பது சுலபமாக இருந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மாமா ரேடியோவைப் பற்றிப் பேச்செடுத்தார். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு, "போன் போதும் மாமா" என்றாய். அதை நீ சொன்ன விதத்தில் நான் இங்கே எழுதமாட்டேன். சொன்னாய், அவ்வளவுதான். மறுநாள் அந்த வாட்ஸ்அப் மனு வந்தது. அதில் நீ எழுதிய காரணங்கள் எல்லாம் உண்மை. எழுதாமல் விட்ட காரணம் ஒன்று இருக்கிறது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

உனக்குப் பள்ளிபாளையம் நினைவிருக்கிறதா? எட்டாம் வகுப்பு முடிந்த லீவில் சித்தி வீட்டுக்கு உன்னை முதன்முதலாகத் தனியாகப் பஸ் ஏற்றிவிட்டேன். சித்தி பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தாள். பஸ் வந்தது, போனது, நீ இறங்கவில்லை. அவள் பதறிப்போய் எனக்குப் போன் செய்துகொண்டிருக்கும்போதே நீ நடந்து வந்தாயாம், அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து. திருச்செங்கோட்டிலிருந்து வரவேண்டிய பிள்ளை ஈரோட்டுப் பக்கமிருந்து காவிரிப் பாலத்தின் மேல் நடந்து வருகிறானே என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தூங்கிவிட்டேன் சித்தி என்று நீ சொல்லிவிட்டாய். பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அதே மாதிரி பாலத்தின் மேல் நடந்தே வந்தாய். எப்போதுமா தூங்குவான் என்று அவள் என்னிடம் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. கண்டக்டர் எங்கே என்று கேட்கும்போது 'பள்ளிபாளையம்' என்பதன் முதல் எழுத்திலேயே உன் உதடு ஒட்டிக்கொள்ளும். 'ஈரோடு' வந்துவிடும். வாயில் வருகிற ஊருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, போகவேண்டிய ஊருக்கு நடந்தாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வெயிலில், அவ்வளவு நீளப் பாலத்தில். நான் அதைப் பற்றி உன்னிடம் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன்.

டிப்ளமோ முடித்த பிறகும் அதுதான் நடந்தது. எந்திரத்தைப் பற்றி உனக்குத் தெரிந்தது, வேலைக்குப் போன இடத்தில் கேள்வி கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் அவர்கள் முதலில் கேட்டது உன் பெயரை. பூபதி என்ற பெயரை வைத்தது உன் அப்பா. ஆசையாக வைத்தார், பாவம், அந்த முதல் எழுத்து உனக்கு இத்தனை பாடுபடுத்தும் என்று அவர் கண்டாரா? கம்பெனி கம்பெனியாகப் போய்த் திரும்பியபின் ஒருநாள் நீ மாமாவின் ஷெட்டுக்குப் போய் லாரிச் சாவியை வாங்கிக்கொண்டாய். லாரியில் யாரும் பெயர் கேட்பதில்லை என்று உன் சிநேகிதனிடம் சொன்னாயாம். அது என் காதுக்கு வந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் நீ வண்டி ஓட்டுவதைப் பார்த்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது. ரிவர்ஸ் எடுக்கும்போது உன் முகத்தில் இருக்கிற அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. டிரைவர் வேலை உனக்கு ஒளிந்துகொள்ள இடமாக மட்டும் இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன். அது உனக்குப் பிடித்த வேலை. அதனால்தான் அதை நீ முழுதாகச் செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். முன் வண்டியின் வேலையில் பாதி ஓட்டுவது, மறுபாதி சொல்வது.

நம் வீட்டில் நாங்கள் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். நீ வாயைத் திறந்தால் மிச்சத்தை நாங்கள் முடித்து வைத்துவிடுகிறோம். நல்லெண்ணத்தில்தான். நீ சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. போன மாதம் காலையில் நீ அடுப்படி வாசலில் நின்று 'தோ' என்று ஆரம்பித்தாய். நான் உடனே கல்லை அடுப்பில் போட்டேன். உன் அப்பா தட்டை எடுத்துவைத்தார். மாமா, "ரெண்டு போதுமா, மூணா?" என்றார். நீ பேசாமல் உட்கார்ந்து மூன்று தோசையைத் தின்றுவிட்டு எழுந்து போனாய். நீ சொல்ல வந்தது தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று. தொட்டி நிரம்பி வழிந்து வாழைக்குள் தண்ணீர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், வகுப்பில் ஒரு பிள்ளை நிறுத்தி நிறுத்திப் படித்தால், பக்கத்துப் பிள்ளை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறவள் நான். பள்ளிக்கூடத்தில் இருந்த பொறுமை படியேறி வீட்டுக்குள் வந்ததில்லை.

ரேடியோ உனக்கு வேண்டாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். முகம் தெரியாமல், பெட்டிக்குள்ளே, உடனே பேசு என்றால் பிள்ளை என்ன செய்வான், கழற்றிவிடு தம்பி என்று மாமாவிடம் சொல்லவே வாயெடுத்தேன். அவர், "அக்கா, நீங்க ஒருக்கா பேசிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று போர் போடுகிற இடத்தில் வைத்துக்கொள்ளும் கைச் செட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, வண்டி நிற்கும் ஷெட்டுக்குப் போய் உன் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், அவ்வளவுதான் விஷயம் என்று சொல்லியிருந்தார். கரகரத்துவிட்டு அவர் குரல் வந்தது. சாயங்காலம் நானும் முருகேசனும் என்று ஆரம்பித்தார். சாப்பாட்டுக்குத்தான் சொல்கிறார் என்று நான் பட்டனை அமுக்கி, வாங்க வாங்க, கத்திரிக்காய் இருக்கிறது, குழம்பு வைக்கிறேன் என்று சொல்லி முடித்துவிட்டு, திருப்தியாக உலை வைத்தேன். அவர்கள் வரவே இல்லை. பிறகு வந்தவரிடம் ஏன் என்று கேட்டால், நாங்கள் சங்ககிரியில் ஒரு விசேஷத்துக்குப் போகிறோம், எங்களுக்குச் சமைக்க வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்கிறார். நான் அத்தனை பேசினேனே என்றேன்.

"நீங்க பேசினது ஒண்ணுகூட என் காதுல உழுகலைங்க" என்றார் மாமா. "நான் பட்டனை அமுக்கியிருக்கறப்ப நீங்க கத்தினாலும் எனக்குக் கேக்காதுங்க அக்கா. நீங்க அமுக்கினா நான் சொல்றதும் உங்களுக்குக் கேக்காது. அடுத்தவன் முடிக்கற வரைக்கும் பொறுத்துத்தான் ஆகோணும்."

உள்ளேயிருந்து உன் அப்பா, "அதுல ஒண்ணு வாங்கி இந்த ஊட்டுக்குள்ளயும் வெச்சரலாமா?" என்றார். மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஞ்சிப்போன சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மாமா சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். நீ பட்டனை அமுக்கியிருக்கும் வரை உன் வார்த்தையை யாரும் முடித்து வைக்க முடியாது. இடையில் புகுந்தால் புகுந்தவருக்குத்தான் நஷ்டம், உனக்கு அது தெரியக்கூடத் தெரியாது. உதட்டைப் பார்க்கிற முகம் எதிரில் இல்லை. பாவம் பார்க்கிற கண் இல்லை. நீ விடும் வரை மறுமுனையில் இருப்பவருக்கு ஒரே ஒரு வேலைதான், கேட்பது. உன் எதிரி என்று நீயும் நானும் நினைத்த பெட்டி, இந்த வீட்டில் எவரும் உனக்குத் தராத ஒன்றைத் தருகிறது. போனில் அது இல்லை. போனில் நீ ஆரம்பிக்கும்போதே மறுபக்கம் ஹலோ ஹலோ என்று கத்தி, லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார்கள். எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

சரி, கம்பி தொங்கும்போது அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டால் என்ன ஆவது என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. அதை நான் முருகேசண்ணனிடமே கேட்டேன். பின்னால் வருகிற உங்களுக்கு என்ன தெரிந்தால் பிரேக்கில் கால் வைப்பீர்கள், கம்பி என்று தெரிய வேண்டுமா, மாடு என்று தெரிய வேண்டுமா என்றேன். "எனக்குக் காரணம் வேண்டாமுங்க, சத்தம் போதும்" என்றார். "பட்டனை அமுக்கி மைக்கு மேல ரெண்டு தட்டு தட்டச் சொல்லுங்க. நான் பாட்டுக்கு நின்னுக்கறேன். அப்புறம் அவன் நிதானமா சொல்லட்டும். நின்ன வண்டிக்கு என்ன அவசரம்?" அவர் சொல்வதைக் கேட்டபோது வகுப்பில் நான் டஸ்டரால் மேசையைத் தட்டுவது ஞாபகம் வந்தது. தட்டினால் பிள்ளைகள் பேச்சை நிறுத்துவார்கள், ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பது அதற்குப் பிறகு. இதை நீங்கள் இருவரும் வண்டியை எடுக்கும் முன் ஷெட்டில் நின்று பழகிப் பார்த்துவிடுங்கள். இரண்டு தட்டு என்றால் நில். அதற்கு உதடு வேண்டாம், விரல் போதும். ஆனால் சாமி, தட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதே. நின்ற வண்டியில் இருக்கிறவருக்கு எதற்கு நின்றோம் என்று தெரிய வேண்டும். கம்பி என்றால் மேலே ஆளை ஏற்ற வேண்டும், மாடு என்றால் காத்திருந்தால் போதும், பள்ளம் என்றால் சுற்றிப் போக வேண்டும். தட்டுவது அவரை நிறுத்தும். சொல்வதுதான் அவரை மறுபடி நகர வைக்கும்.

எல்லா லாரிக்காரருக்கும் ரேடியோ வேண்டுமா என்று யாராவது என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உன் மனுவின் அந்தப் பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஜோடியாகப் போகிற இந்த இரண்டு வண்டிக்கு வேண்டும். போன் சிக்னல் இல்லாத காட்டு வழியிலும் நீ இருக்கிறாய் என்பது அவருக்குத் தெரியவேண்டும், அவர் இருக்கிறார் என்பது உனக்கு. மாமா உன் மேல் கோபத்தில் இல்லை. முடிவை உன்னிடமே விட்டிருக்கிறார். நீ கழற்றச் சொன்னால் காலையில் கழற்றிவிடுவார். ஆனால் கழற்றினால் முருகேசண்ணனிடம் முன் லாரியைக் கொடுத்துவிட்டு, உன்னைப் பின் வண்டியில் துணைக்கு உட்கார்ந்து வரச் சொல்வார். ரிக் வண்டியை ஓட்ட வேறு ஆள் பார்ப்பார். உனக்குக் கோபம் வந்தாலும் சொல்லிவிடுகிறேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். நீ மறுபடி ரோட்டில் குறுக்கே ஓடுவதை விட, முன் வண்டி உன்னிடம் இல்லாமல் இருப்பது மேல்.

மற்றபடி எல்லா அம்மாவும் சொல்வதுதான். பருப்புப்பொடி நீல மூடி டப்பாவில் இருக்கிறது, ஊறுகாயை அதன் மேல் வைக்காதே. கண் சொக்கினால் ஓரங்கட்டித் தூங்கு, போய்ச் சேரும் நேரத்தை மாமா கேட்கமாட்டார். அங்கே போர் போட்டும் தண்ணீர் விழாத இடத்தில் ஜனங்கள் முகம் வாடிப்போவார்கள். அப்போது டிரில்லரிடம் அவர்கள் கேட்க முடியாததை ராடு இறக்குகிற உன்னிடம் வந்து கேட்பார்கள். பாஷை தெரியாது என்று திரும்பிக்கொள்ளாதே, அவர்களோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா. பேச்சு வராமல் நிற்பது என்ன என்று மற்றவர்களை விட உனக்குத் தெரியும். முருகேசண்ணன் உன்னிடம் சம்பளம் வாங்கும் ஆள் இல்லை, அவரைச் சாப்பிடவைத்துவிட்டு நீ சாப்பிடு. வாரத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிடு. நீ பேசாமல் இருந்தாலும் லைனில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும். ஹலோ ஹலோ என்று கத்தமாட்டேன்.

கடைசியாக ஒன்று. அந்தக் கைச் செட்டை மாமாவிடம் சொல்லி நாளை ஒரு நாளைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் வடக்கே கிளம்புகிற இன்னொரு வண்டியில் கொடுத்தனுப்பினால் போதுமாம், உங்களுக்குச் சேர்ந்துவிடும். நீ வண்டியை எடுத்ததும் நான் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். மலையைச் சுற்றிக்கொண்டு சங்ககிரி ரோட்டில் கொஞ்ச தூரம் போகிற வரைக்கும் கேட்கும், அதற்கப்புறம் கரகரப்புத்தான் என்று மாமா சொன்னார். அந்தக் கொஞ்ச தூரம் எனக்குப் போதும். நீ பேசுவது முருகேசண்ணனுக்கும் கேட்கும், கேட்கட்டும். அவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், அவர் அமுக்கமாட்டார். உன் அப்பா பக்கத்தில் நிற்பார், அவர் கைக்கு எட்டாமல் செட்டை நான் பிடித்துக்கொள்கிறேன்.

என்ன பேசுவது என்று யோசிக்காதே. 'பள்ளிபாளையம்' என்று சொல். எந்த எழுத்தில் நின்றாலும் நில், எத்தனை முறை ஆரம்பித்தாலும் ஆரம்பி. இந்த முறை பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடக்க வேண்டியதில்லை. செட்டை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நான் மாடியில் நின்றிருப்பேன். என் விரல் பட்டன் மேல் இருக்காது.

உன் அம்மா